சமையலறை அலமாரி

எனக்குப் பாத்திரம் கழுவப் பிடிக்கும். அக்கா வீட்டில் தங்கியிருந்த காலத்தில் என்னைப் பற்றி எல்லோரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். பகலில் பார்சல் கிடங்கில் வேலை, மாலையில் மருந்துக்கடை உதவியாளருக்கான வகுப்பு. வீட்டுக்கு வந்ததும் தொட்டியில் கிடப்பதையெல்லாம் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.

மாமாவின் ஷேக்கர் மட்டும் தொட்டிக்கு வராது. அக்காவின் கணவரைத்தான் மாமா என்கிறேன். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஜிம்மில் அவருக்கு டேங்க் என்று பெயர். சதை ஏற்றும் பவுடரை அதில் பாலோடு குலுக்கிக் குடித்துவிட்டு, மூடியை இறுக்கி, சோபாவுக்கு அடியில் உருட்டிவிடுவார். மறுநாள் திறந்தால் புளித்த வாடை மூக்கில் அறையும். மூடியின் ரப்பர் வளையத்து இடுக்கில் சாம்பல் நிறத்தில் ஒரு கொழகொழப்பு சேர்ந்திருக்கும். அதன்மேலேயே அடுத்த பவுடரைக் கொட்டிக் குடிப்பார். மேலுதட்டு நுரையோடு என் அக்காவை முத்தமிடுவார். அவள் துடைத்துக்கொள்ளக்கூட மாட்டாள்.

அவர் கெட்டவர் இல்லை. என்னை அந்த வகுப்பில் சேர்த்துவிட்டவரே அவர்தான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மருந்துக்கடையில் வாங்கியதெல்லாம் படுக்கையறை அலமாரிக்குப் போகும். ஜிம் மாஸ்டரிடம் வாங்கியதெல்லாம் சமையலறை அலமாரிக்கு, சர்க்கரைக்கும் டீத்தூளுக்கும் பக்கத்தில். கொழுப்பைக் கரைக்கும் பச்சை மாத்திரை, சதை ஏற்றும் மாத்திரை, மூலிகை என்று மட்டும் எழுதிய ஒரு குப்பி. அக்காவுக்கு முதல் அலமாரி மருந்து, இரண்டாவது சாப்பாடு. மனதாரவே அப்படி நம்பினாள்.

வகுப்பில் ஒரு நாள் டீச்சர் கல்லீரல் பாடம் எடுத்தார். "வாயில எதைப் போட்டாலும் கடைசியில அதுகிட்டதான் போய் நிக்கும். மருந்தா, மூலிகையா, பவுடரான்னு அது லேபிள் படிக்காது" என்றார். கண் மஞ்சளாவது, உடம்பு அரிப்பது, சிறுநீர் கறுப்பது எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு எதிலும் சந்தேகம் தீராது. வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய்க் கேட்டேன்.

"நிறுத்திட்டா சரியாயிடுமா டீச்சர்?"

"சீக்கிரம் நிறுத்தினா நிறையப் பேருக்குத் தேறிடும். நிறுத்தாம இருந்தாதான் வம்பு. ஏன், வீட்ல யாருக்காவது?"

"சும்மாதான் கேட்டேன்."

அன்று வீட்டுக்குப் போனபோது மாமா என் சீப்பை எடுத்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். சீப்பின் பற்களில் தோல் பொடி வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"மாப்ள, என் கண்ணு எப்படிடா இருக்கு?"

"மஞ்சளா இருக்கு மாமா."

"சிங்கத்துக்கு அப்படித்தான்டா இருக்கும். நோஞ்சானுக்கு என்ன தெரியும்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். உண்மையிலேயே எனக்கு என்ன தெரியும்? பாதிப் பாடம் படித்தவன். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு வாய் திறக்கக் கூடாது என்று நினைத்தேன். சீப்பைக் குப்பையில் போட்டேன்.

நடக்க முடியாமல் போன பிறகுதான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "இவர் சாப்பிடுற மருந்து எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்றார் டாக்டர்.

"தம்பி போகட்டும் டாக்டர். அவன் ஒண்ணையும் விட மாட்டான்" என்றாள் அக்கா.

படுக்கையறை அலமாரியைச் சுத்தமாகக் காலி செய்தேன். முதுகுவலி மாத்திரை, சளி மருந்து, எல்லாம். பிறகு சமையலறை அலமாரியைத் திறந்து, டப்பாக்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுச் சாத்தினேன். டாக்டர் கேட்டது மருந்து.

அவர் விடவில்லை. "வேற எதுவும் எடுக்கலையா? ஜிம் பவுடர், மூலிகை, அந்த மாதிரி?" அக்கா அப்போது போன் பேச வெளியே போயிருந்தாள்.

"அதையெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு டாக்டர்" என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டுமே.

மறுநாள் மாமா என் கையைப் பிடித்தார். பிசுபிசுவென்றிருந்தது அந்தக் கை. "சதையெல்லாம் இறங்குதுடா மாப்ள. உங்க அக்காவுக்குத் தெரியாம கலக்கி எடுத்துட்டு வா." அவராகக் கேட்டதுதான், இதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஷேக்கரைக் கழுவி, வளையத்தைக் கழற்றி வெந்நீரில் போட்டு எடுத்து, பவுடரோடு மாத்திரைகளையும் பொடித்துக் கலக்கி, ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போனேன். "வீட்டுச் சாப்பாடுதானே, கொடுங்க" என்றார் நர்ஸ். அவ்வளவு சுத்தமாக மாமா அதற்கு முன் குடித்ததே இல்லை.

சில நாளில் அவரே வேண்டாம் என்றார். "குமட்டுதுடா, எடுத்துட்டுப் போ."

"ரெண்டு வாய் மாமா. அக்காவுக்காக."

கரண்டியால் ஊட்டினேன். மோவாயில் வழிந்ததைத் துடைத்தேன். வயிறு ஊதி, தொப்புள் வெளியே தள்ளி, மூச்சில் அழுகிய பழ வாடை வந்தது. கையுறை போட்டுக்கொண்டேன். கதவருகில் நின்று பார்த்த அக்கா, "பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்காதுடா" என்று அழுதாள்.

கடைசியில் அவருக்கு அக்காவையே அடையாளம் தெரியவில்லை. ஃபிளாஸ்க்கை மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டார். குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள் இல்லையா, அப்படித்தான் பிடித்தேன். அதை நர்ஸ் பார்த்துவிட்டார். ஃபிளாஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது. மாமா பிழைக்கவில்லை.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். தேறிவிடுவாரோ என்ற பயத்தில் செய்தேன். அக்கா இதைவிட நல்லதற்கென்று பிறந்தவள். அவளுக்கு ஒரு சுத்தமான வாழ்க்கை அமையட்டும் என்றுதான் செய்தேன்.

ஆனால் அவள் அந்த ஷேக்கரை என்னிடம் கொடுக்க மறுக்கிறாள். நான் கழுவி வைத்ததில் பவுடரையும் பாலையும் அவளே ஊற்றி, புளிக்க விட்டு, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவர் வாடை வேண்டுமாம். மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டே அழுகிறாள். மூக்கிலிருந்து வழிவதைத் துடைப்பதுகூட இல்லை. பார்க்கவே எனக்குக் குமட்டுகிறது.

நீங்கள் எழுதி முடித்ததும் நான் வீட்டுக்குப் போக வேண்டும். அவளுக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எடுத்துக் கொடுக்க அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?