வாகை மரத்துக் காளான்

தேநீரில் எனக்குச் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும். பெத்துராஜ் அதை ஒருநாளும் மறந்ததில்லை. கடைக்காரர் என்ற வகையில் அவர்மீது எனக்குக் குறையேதும் இல்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் மேசைமேல் இருப்பது மரக்காளான். திருவேங்கடம் சாலையில் அவர் கடைக்கு நிழல் தந்த வாகையின் தூரில் தட்டுப்போல் புடைத்து வளர்ந்திருந்தது. மேற்புறம் பழுப்பு, ஓரம் வெள்ளை. குடைக்காளானுக்கு அடியில் மடிப்புகள் இருக்கும், இதற்கு ஊசித்துளைகள். அந்த வெள்ளைப் பரப்பை நகத்தால் கீறினால் கீறல் கறுத்து நிலைத்துவிடும். சங்கரன்கோவிலில் இருபது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் இதில் தவற மாட்டான். இது முளைத்த மரம் உள்ளே உளுத்திருக்கும். இந்தக் காளானில் கீறியிருக்கும் எழுத்து என்னுடையதுதான்: 'ஆடி 31-க்குள் விழும். 1979.'

எதையும் மறைக்கவில்லை, ஐயா. எழுதிய அன்றே கடையை மாற்றச் சொன்னேன். அவர் சிரித்தார். அதன்பின் நாள்தோறும், டீ குடிக்க வந்தவர்கள் முன்னிலையில் கேட்டார்: "என்ன சார்வாள், ஆடி முடியப் போவுது. உம்ம மரம் நிக்குதுல்லா? காளானுக்கு நாள் மறந்துபோச்சோ?"

"சும்மா இரிங்க. சார்வாள் மொகம் வாடுதுல்லா" என்பார் அவர் மனைவி ஞானபூரணம்.

மேற்கிலிருந்து மேல்காற்று ஓங்கி அடித்தது. கிளைகள் முறிந்தன, மரம் நின்றது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாதிப் பாடத்தில் சாக்பீஸை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவேன். நாளுக்கு நான்கு முறை அந்தச் சாலையில் நடந்தேன்.

ஆடி இருபத்தொன்பது மதியம் கடை அடைத்திருந்தது. மரத்தின் மேற்குப் புறத்தில் மண்ணைத் தோண்டினேன். மூன்று வேர்கள் கையிலேயே பொடிந்தன. ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது. மரத்தைக் காற்றுக்கு எதிராகப் பிடித்திருந்தது அதுதான். ரம்பத்தால் அறுத்தேன். மண்ணைப் பழையபடி மூடினேன்.

மறுநாள் காலை காற்று எழுந்தபோது சாலையின் எதிர்ப்புறம் நின்றிருந்தேன். பெத்துராஜ் என்னைப் பார்த்து, டீ போடவா என்று சைகை செய்தார். போடுங்கள் என்று தலையசைத்தேன். ஞானபூரணம் எனக்காக ஒரு கிளாஸைக் கழுவினார்.

அவர்கள் இருவரும் இறந்ததற்கு வருந்துகிறேன். ஆயினும் ஒன்றைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்: மரத்தை வீழ்த்தியது காளான். நான் சொன்ன தேதிக்குள் விழ உதவியது மட்டுமே நான் செய்தது.