குண்டூசி குத்தின சட்டையும் வாகீசன் அனுப்பின கணக்குகளும்

அசையாதையுங்கோ பிள்ளை, குண்டூசி குத்திப்போடும். கையைக் கொஞ்சம் தூக்குங்கோ... ஆ, அப்பிடி. என்ன சொல்லிக்கொண்டு வந்தனான்? ஓம், நல்ல கணக்கு! இந்த யாழ்ப்பாணத்திலை நல்ல மீன் வாங்கலாம், நல்ல பிலாப்பழம் வாங்கலாம், ஒரு பிள்ளைக்குச் செய்து பழக நாலு நல்ல கணக்குத் தேடி எடுக்கேலாது கண்டியளே!

சாதாரணக் கணக்கெண்டா எனக்கென்ன கவலை? ஒழுங்கைக்கு ஒழுங்கை ரியூசன் கிடக்கு. இது கொம்பியூட்டர்க் கணக்கு. ஒரு சிக்கலைக் குடுப்பினமாம், அதைத் தீர்க்கிற வழியைப் பிள்ளை யோசிச்சுக் கொம்பியூட்டருக்கு விளங்கிறமாதிரி எழுதோணுமாம். என்ரை மகள் சுபாஜினி அந்தப் போட்டியிலைதான் நிக்கிறாள். உங்களுக்குத் தெரியாததே! கொம்பியூட்டர் படிப்பிக்கிற மிஸ் எண்டு உங்கடை அம்மா சட்டைக்குச் சீலை கொண்டரேக்கை சொன்னவ. கம்பஸிலையாக்கும், பல்கலைக்கழகத்திலை. அதாலைதான் உங்களோடை கதைக்கிறன். இல்லாட்டி நான் ஒருத்தரோடையும் அநாவசியமா வாய் திறக்கிற ஆளில்லை.

திரும்புங்கோ. முதுகுப் பக்கம் கொஞ்சம் லூசாக் கிடக்கு.

முதல் நான் என்ன செய்தனான் தெரியுமே? ஓ.எல் சோதினைக்குச் செய்யிறமாதிரி, பழைய போட்டிப் பேப்பரெல்லாம் விடையோடை எடுத்துக் குடுத்து, "பாடமாக்கடி" எண்டன். "அம்மா, ஒருக்கா வந்த கணக்குத் திரும்ப வராது" எண்டுறாள். வராத கணக்கை என்ன கோதாரிக்குச் செய்து பழகிறது, நீங்களே சொல்லுங்கோ! பேந்து ரியூட்டரி ஜெயசுதன் மாஸ்டரைப் பிடிச்சன். அந்தாள் ஒரு கட்டுத் தந்தது. முதல் கணக்கு மாம்பழத்தைக் கூட்டுறது. ரெண்டாவது தக்காளியைக் கூட்டுறது. மூண்டாவதிலை முருங்கைக்காய். கட்டு முடியிறவரைக்கும் கூட்டல்தான் பிள்ளை, மரக்கறிதான் மாறுது! சுபா கண்ணை மூடிக்கொண்டு செய்துபோட்டு, "அம்மா, இதிலை நான் என்னத்தைப் படிச்சனான்?" எண்டு கேக்கிறாள்.

சரியெண்டு இன்ரநெற்றிலை தேடினம். அது ஒரு கடல். எங்கை இறங்கிறதெண்டு ஒருத்தரும் சொல்லினமில்லை. முதல் கணக்கிலை எங்கையோ குளிர் நாட்டிலை மாடுகள் வரிசையா நிக்குது. அது சுகமா வந்திட்டுது. அடுத்ததைத் திறந்தவள்... மூண்டு நாள் சாப்பாடில்லை, குளிப்பில்லை, விசர்பிடிச்சமாதிரி இருந்தாள். கடைசியா விடை சரியாம், ஆனா கொம்பியூட்டர் ஓடி முடிக்கப் பிந்திப்போச்சாம், அதுக்காகப் புள்ளி இல்லையாம்! சரியான விடைக்குப் புள்ளி இல்லாத ஊரும் இருக்கே? எங்கடை வட்டுக்கோட்டை மினிபஸ் ஒவ்வொரு நாளும் பிந்தித்தான் வருது, ஆரும் காசு வாங்காமல் விட்டவங்களே?

சிரிக்காதையுங்கோ பிள்ளை, ஊசி நழுவுது.

அப்பத்தான் எனக்கு வாகீசன்ரை ஞாபகம் வந்தது. என்ரை அண்ணையின்ரை பெடியன். கனடாவிலை உதுதான் அவனுக்கு வேலை. அழுது மண்டாடிக் கேட்டன். பெடியன் ஆறுதலா இருந்து, தானே பொறுக்கி, ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா அடுக்கி அனுப்பினான். ஐயோ, அது கணக்கு! முதல் நாள் சுபாவுக்குக் கோபம் வரும். அடுத்த நாள் கிணத்தடியிலை குளிக்கேக்கை "அம்மா, பிடிச்சிட்டன்!" எண்டு கத்துவாள். அதைப் பிடிச்சாத்தான் அடுத்ததைத் தொடலாம், அப்பிடி அடுக்கியிருக்கிறான். சட்டை தைக்கிறமாதிரித்தான் பிள்ளை. இறுக்கினா மூச்சுவிடேலாது, தளர்த்தினா தோளிலை நிக்காது, அளவா இருக்கோணும்.

பொறுங்கோ, காட்டுறன். அளவெழுதேக்கை தந்த நம்பர்தானே உங்கடை? வாட்ஸ்அப்பிலை அனுப்பிவிடுறன்... அந்தா, போட்டுது. வீட்டை போய் ஆறுதலாப் பாத்து, சனிக்கிழமைக்கு உது போதுமோ எண்டு சொல்லுங்கோ.

சனிக்கிழமைதான் ரெண்டாம் சுற்று. அதிலை முதலாவதா வாறவை கொழும்புக்குப் போவினம். முதல் சுற்றிலை எங்கடை பிள்ளையள் கடைசி ஆளாத் தொத்திப்பிடிச்சுத்தான் தப்பினவை. இந்தமுறையும் சரிவராட்டி இனி இந்தப் பக்கமே வரமாட்டனெண்டு சுபா சொல்லிப்போட்டாள். அவள் ஒரு நல்ல சட்டை கூட வாய் திறந்து கேட்ட பிள்ளையில்லை. உது ஒண்டுதான் அவளுக்கு ஆசை.

ஏன் பின்னுக்கு நிண்டவை எண்டே கேக்கிறியள்? எல்லாம் அந்த ரெண்டு பெடியளாலை! பின்வளவு உதயகலாவின்ரை மகன் லக்ஷன், மற்றது குருநகர் லூர்த்தம்மாவின்ரை மகன் றொகான். சுபா ஒண்டை எழுதிக்கொண்டிருக்கேக்கை, வெள்ளம் நிக்கிற ஊரிலை கிட்டின வழியாலை வீட்டை போற கணக்கை லக்ஷனிட்டைக் குடுத்தவளாம். உவன் பேந்தப் பேந்த முழிச்சானாம். றொகான் அவனைப் பாத்து முழிச்சானாம். வாகீசன்ரை அஞ்சாவது கணக்கு அப்பிடியே அந்த மாதிரி, அது கூடத் தெரியேல்லை!

அவைக்கு எப்பிடித் தெரியும் எண்டே? நான் காட்டேல்லைத்தான். என்ரை போனிலை என்ரை விரல் வைச்சாத்தான் திறக்கும். சுபாவும் எனக்கு முன்னாலை இருந்துதான் செய்யோணும், கொப்பியிலை எழுதக்கூட விடமாட்டன். நாங்கள் கஸ்ரப்பட்டு எடுக்கிறதை ஊருக்குக் குடுக்கிறதே? அதுக்காக நான் கஞ்சத்தனம் பிடிச்சவளில்லை. உதயகலா வந்து "அக்கா, பிள்ளைக்கு ஏதும் கணக்கிருந்தாத் தாங்கோவன்" எண்டு கேட்டவ. வந்த மனுசியை வெறுங்கையோடை அனுப்பக்கூடாது பாருங்கோ. அந்த மாம்பழக் கட்டை முழுக்கப் போட்டோக்கொப்பி அடிச்சு, தட்டைவடையும் சுத்திக் குடுத்துவிட்டனான். பாவம், கண் கலங்கிப் போனவ. ரெண்டு பெடியளும் இருந்து முருங்கைக்காய்வரைக்கும் செய்து முடிச்சவங்களாம்.

என்ன பிள்ளை? ஓம், மூண்டு பேரும் ஒரே ரீம்தான். மூண்டு பேருக்கும் ஒரு கொம்பியூட்டர். புள்ளியோ? புள்ளி மூண்டு பேருக்கும் சேத்துத்தான்...

சேத்துத்தான்...

அந்தக் கத்திரிக்கோலை ஒருக்கா எடுங்கோ. இல்லை, வேண்டாம், வையுங்கோ. நான் ஒருக்கா இதிலை இருக்கிறன்.

நான் என்னத்தைக் கண்டன் பிள்ளை? எங்கடை ஊரிலை பரீட்சையெண்டா ஒவ்வொருத்தரும் தனித்தனிய எழுதுறது. பக்கத்திலை இருக்கிற பிள்ளை குறைய எடுத்தா எங்கடை பிள்ளை மேலை வரும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சுபா ஒருக்கா "அம்மா, அவங்களுக்கும் காட்டட்டே?" எண்டு கேட்டவள். நான் ஏசிப்போட்டன். பிள்ளை பேந்து கேக்கேல்லை... சீ, வெக்கமாக் கிடக்கு. சரி, உதயகலாவுக்கு அனுப்பத்தான் வேணும். இப்பவோ? உங்கடை சட்டைக்கையைக் குத்தி முடிச்சிட்டு அனுப்புறன். லூர்த்தம்மாவுக்கும் அனுப்புறன். ரீமுக்குள்ளை ஒளிக்கிறது விசர்த்தனந்தான், ஒத்துக்கொள்ளுறன்.

ஆனா ஒண்டு, ரீமுக்கு வெளியிலை மட்டும் உது போகக்கூடாது! முக்கியமா முதல் சுற்றிலை முதலாவதா வந்த அந்த ரவுண் பள்ளிக்கூடத்துக்கு. அங்கை புதுசா ஒரு மிஸ் வந்திருக்கிறாவாம், சரியான கெட்டிக்காரியாம்... ஏன் பிள்ளை உங்கடை முகம் ஒருமாதிரிப் போகுது? ஊசி பட்டிட்டுதே? ஓ, கேக்க மறந்துபோனன், நீங்கள் எந்தக் கம்பஸ்? கம்பஸ் இல்லையோ? பள்ளிக்கூடத்திலையோ? எந்தப் பள்ளிக்...

முருகா!

இல்லை, இல்லை, அந்தப் போனை ஒருக்கா இஞ்சை தாங்கோ, ஒரு சின்ன அலுவல்... எங்கை ஓடுறியள்? கை இன்னும் குத்தி முடியேல்லை! பிள்ளை, குண்டூசியோடை ஸ்கூட்டியிலை ஏறாதையுங்கோ! சத்தியமாக் குத்தும்! சட்டைக்குக் கூலியும் வேண்டாம், ஒருக்கா நில்லுங்கோ!

உதயகலாவுக்கே இன்னும் போகேல்லை... இந்த அறுந்த மெசேச்சை எப்பிடி அழிக்கிறது? இதை அமத்திப் பிடிச்சா... அந்தா, கேற்றடியிலை ஸ்கூட்டியை நிப்பாட்டிப்போட்டுப் போனையெல்லே திறக்கிறா...

ஐயோ, நீலச் சரி விழுந்திட்டுது, பாத்திட்டா.