மாப்பிள்ளை வாங்கிய மதர்போர்டு

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் பிராசஸர் எவ்வளவு வேகம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மதர்போர்டைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதிலிருக்கும் சிப்செட்தான் பிராசஸருக்கும் மற்ற பாகங்களுக்கும் நடுவே தூது போகிறது. அது சரியில்லையென்றால் எப்பேர்ப்பட்ட பிராசஸரும் புகுந்த வீட்டில் பேச்சு எடுபடாத மருமகள்தான். நம்பகமான சிப்செட்டைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்தும் பிராசஸரை எடுங்கள். என் கடையில் நான் சொல்வது இவ்வளவுதான்.

என் தங்கை கட்டட வரைபடம் போடுகிறவள். அவளுக்குப் புதுக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டபோது அவள் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இருப்பதிலேயே வேகமான பிராசஸரை எடுத்து, யாரோ தலையில் கட்டிய போர்டில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தச் சிப்செட்டைப் பற்றி நான் நல்லதாக எதுவும் கேள்விப்பட்டதில்லை.

"வருஷம் தாண்டாது மாப்பிள்ளை" என்றேன். வீட்டார் எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன்.

வருஷம் தாண்டியது. அடுத்ததும் தாண்டியது. அது ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. நான் போகும்போதெல்லாம் மாப்பிள்ளை பெட்டியைத் தட்டிக்கொடுத்து, "மச்சான், உங்க நோயாளி நல்லா இருக்காரு" என்பார். தங்கை சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நான் கோபக்காரன் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சமையலறையில் இருந்தபோது, தூசி தட்டித் தருகிறேன் என்று பெட்டியைத் திறந்தேன். தூசியும் தட்டினேன். சிப்செட்டைக் குளிர வைக்க அதன் மேல் ஒரு குட்டி விசிறி உண்டு. அதன் ஒயரை மட்டும் கழற்றிவிட்டேன். நல்ல சிப்செட் என்றால் தாங்கியிருக்கும்.

சில வாரம் திணறிவிட்டு அது போயிற்று. போகிற போக்கில் ஹார்ட் டிஸ்க்கையும் குழப்பிவிட்டது. நகல் வைத்திருந்த டிஸ்க்கும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. அதுவும் மாப்பிள்ளையின் யோசனை. தங்கை மாதக்கணக்கில் வரைந்த மருத்துவமனைப் படங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. வேலை வேறொருவர் கைக்குப் போனது. அவள் கத்தவில்லை. கணவரிடம் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். கடைசியில் அவர் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். பெட்டி படுக்கையோடு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன்.

வழியில் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்க அன்னிக்கே சொன்னீங்க மச்சான். நான்தான் கேக்கல. அவ உழைப்பையே அழிச்சிட்டேன்" என்றார்.

தோளில் தட்டிக்கொடுத்தேன். தப்பை ஒத்துக்கொள்கிற மனிதரை எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கம்ப்யூட்டர் இப்போது என் கடையில் இருக்கிறது. விசிறியின் ஒயரைப் பழையபடி மாட்டிவிட்டேன். நேற்றுத் தங்கை வந்து அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதனாலண்ணா போச்சு?" என்றாள்.

கூடப் பிறந்தவளிடம் பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"சிப்செட் சரியில்லம்மா" என்றேன்.