சீட்டாட்ட அறையைக் குழந்தைகளுக்குத் திறந்துவிடுங்கள்

கோப்புக் குவியலுக்கு நடுவிலும் தமிழுக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தனியே எடுத்துவைத்திருக்கும் தலைவர் ராமசுப்ரமணியன் அவர்களே! பதவியில் ஓய்வு பெற்றும் பாசத்தில் ஓய்வு பெறாத பெரியோர்களே! டெல்லிக் குளிரைப் பின்னலூசியால் வென்றவர்களும், இந்த நிமிடத்திலும் என் பேச்சைக் காதிலும் பாதி ஸ்வெட்டரைக் கையிலும் வைத்திருப்பவர்களுமான தாய்மார்களே! ஜனக்புரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் நண்பர்களே! எல்லையைக் காத்த கையால் இந்த மண்டபத்து நாற்காலிகளையும் அடுக்கித்தரும் சுபேதார் கலியன் அவர்களே! எழுந்து போக வசதியாக வாசலோரம் இடம் பிடித்திருக்கும் என் சீட்டாட்ட அறைத் தோழர்களே! அனைவருக்கும் பட்டாபியின் பணிவான வணக்கம்.

இன்று நான் வாழ்த்துரை வழங்க வரவில்லை. வழக்காட வந்திருக்கிறேன். நம் மன்றத்தின் சீட்டாட்ட அறை, நாளை திங்கட்கிழமை முதல், மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் பாலர் வகுப்பாக மாறவேண்டும். இதுதான் என் தீர்மானம். முன்மொழிய நான் இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும். நம் விதிப்படி, வழிமொழிய ஆளில்லாத தீர்மானம் பிறந்த இடத்திலேயே செத்துப்போகும். மூன்று நாளாகக் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். காபி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அந்த அறையின் செயலாளரே நான்தான். தன் கூரையைத் தானே பிரிக்கிறானே, பட்டாபிக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று கேட்கிறார்கள்.

ஆம், பிடித்துத்தான் இருக்கிறது. காரணத்தைக் கேளுங்கள்.

எதற்காக இந்தக் கூட்டம்? ஸ்மாக் என்று ஒரு போதைப் பொடி இந்தத் தலைநகரத்துத் தெருக்களில் தலைகாட்டியிருக்கிறது. நம் குவார்ட்டர்ஸிலேயே ஒரு பிள்ளை, பெயர் வேண்டாம், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தவன், இன்று ஆஸ்பத்திரிப் படுக்கையில் அப்பாவின் முகம் தெரியாமல் கிடக்கிறான். உடனே செயற்குழு கூடியது. கல்லூரி வாசலில் சுவரொட்டி ஒட்டலாம் என்றது. டாக்டரை அழைத்துச் சொற்பொழிவு வைக்கலாம் என்றது. நான் கைதூக்கி, பாலர் வகுப்பு வைக்கலாம் என்றேன். நண்பர் வேதாந்தம் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன சார் இது, வியாதி பதினெட்டு வயசுப் பையனுக்கு, மருந்து நாலு வயசுக் குழந்தைக்கா? குழந்தைக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். அதோ, இப்போதும் சிரிக்கிறார். சிரியுங்கள் வேதாந்தம், இன்னும் ஐந்து நிமிடம் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

குழந்தைக்கு என்ன தெரியும்? நல்ல கேள்வி. நானும் நான்கு வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

நம் பகுதியில் சுந்தரவல்லி என்று ஓர் ஆசிரியை இருக்கிறார். தம் வீட்டு வராந்தாவில் பன்னிரண்டு பிஞ்சுகளை வைத்துப் பாடம் நடத்துகிறார். போன மாதம் என் பெண் ரோஹிணியை அழைத்துவரப் போனேன். வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார். "சார், சத்தம் போடாம இந்தக் கதவோரம் நின்னு பாருங்க. ஒண்ணும் கேக்காதீங்க, பாத்தா போதும்" என்றார். பார்த்தேன்.

உள்ளே குழந்தைகள் வீடு கட்டி விளையாடுகின்றன. ஒரு குழந்தை அம்மா, ஒரு குழந்தை பால்காரப் பையா. நாலு வயது ரோஹிணிதான் அப்பா. அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஆபீஸ் போகவில்லை, பேப்பர் படிக்கவில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். ஒரே மடக்கில் குடித்தார். கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து, ஏலக்காயாம் அது, வாயில் போட்டு மென்றார். பிறகு பொம்மையிடம் குனிந்து, "மம்மிகிட்ட சொல்லாதே, டாஃபி தரேன், டீக் ஹை, சரியா?" என்றார். அடுத்த குழந்தை ஓடிவந்தது. "இப்ப நான் அப்பா, ஜல்தி குடு. எங்க அப்பா லவங்கம் போடுவா" என்று டம்ளரைப் பிடுங்கியது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று குழந்தைகள் வரிசையில் நின்றன.

வேதாந்தம், உங்கள் சிரிப்பைக் காணோமே?

அவையோரே, சனிக்கிழமை மத்தியானங்களில் சீட்டாட்ட அறையில் சீட்டு மட்டும் ஆடவில்லை நாம். சுபேதாருக்கு ராணுவக் கான்டீனில் கிடைக்கும் ரம்மில் ஒரு பாட்டில், நட்புக்காக நமக்கு வரும். ஆனால் நாம் யார்? கௌரவமான குமாஸ்தாக்கள். நெற்றியில் இட்டுக்கொண்டு, கையில் பாட்டிலோடு குவார்ட்டர்ஸ் வழியாக நடக்கலாமா? நாலு பேர் பார்த்தால் என்ன ஆவது? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். துணிப்பை, அதன் அடியில் பாட்டில், மேலே இரண்டு கட்டு பாலக் கீரை. அந்தப் பையை ஒரு குழந்தையின் கையில் கொடுத்துவிட்டால் யார் சந்தேகப்படப்போகிறார்கள்? "நானே கொண்டாந்து தர்றேன் சார், பச்சப்புள்ளய எதுக்கு அனுப்புறீங்க?" என்று கலியன் முதல் நாளே கேட்டார். தலையைக் குனியாதீர்கள் சுபேதார், கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். நாங்கள் எல்லோரும், குழந்தைக்கு என்ன தெரியும் என்றோம்.

என்ன தெரியும்? எல்லாம் தெரியும். எங்கே ஒளிக்கவேண்டும், யாரிடம் மறைக்கவேண்டும், மறைத்தால் என்ன கிடைக்கும், அத்தனையும் தெரியும். ஒரு சொட்டு நாம் கொடுக்கவில்லை, உண்மை. ஆனால் சொட்டைவிடக் கொடிய ஒன்றைச் சொல்லிக்கொடுத்தோம். நாளைக்குக் கல்லூரி வாசலில் பொடி விற்பவன் என்ன செய்வான்? முதலில் இனிப்பாகப் பேசுவான். அப்புறம் இலவசமாகத் தருவான். அப்புறம், வீட்டில் சொல்லாதே என்பான். அவன் பாவம், புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதே இல்லை. பாடம் முழுவதையும் நான்கு வயதிலேயே நாம் நடத்தி முடித்தாயிற்று.

அதனால்தான் கேட்கிறேன் அந்த அறையை. குளிர்காலத்தில் இந்தக் கட்டடத்திலேயே வெயில் விழுவது அந்த ஒரே அறையில்தான். அந்த வெயிலில் பிஞ்சுகள் உட்காரட்டும். சுந்தரவல்லி டீச்சர் கற்றுத்தரட்டும். பெரியவர் தந்தாலும் பிடிக்காததை வேண்டாம் என்று சொல்லப் பழகட்டும். யார் மறைக்கச் சொன்னாலும் வீட்டுக்கு வந்து வாய்விட்டுச் சொல்லப் பழகட்டும். வாரத்தில் ஒரு நாள் அப்பாக்களும் அந்தப் பாயில் வந்து உட்காரட்டும், ஏனென்றால் பாடம் முதலில் தேவைப்படுவது நமக்குத்தான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறோமே, அந்த ஐந்து வயதில் குழந்தையை எந்தப் பக்கம் வளைத்தோம் என்று ஒருநாளாவது யோசித்தோமா?

தலைவர் மணியடிக்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா, இன்னும் ஒரே ஒரு வாக்கியம் பாக்கி. அது பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி வைதேஹிக்கு. துணிப்பையைக் குழந்தை கையில் கொடுத்தது நான், உன்னிடம் சொல்லாதே என்றதும் நான். தனியாகச் சொல்லத் தைரியம் வராமல்தான் இந்தச் சபையைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்.

இப்போது கேட்கிறேன். இந்தத் தீர்மானத்தை வழிமொழிய இந்த அவையில் ஒருவர், ஒரே ஒருவர் உண்டா?

வாசலோரம் கை எழவில்லை. மேடையருகிலும் எழவில்லை. சற்றுப் பொறுங்கள், மூன்றாவது வரிசையில் வைதேஹியின் ஊசி நின்றுவிட்டது. ஸ்வெட்டரை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். ஏதோ சொல்கிறாள், தயவுசெய்து அமைதி.

"ஏலக்காய் வாசனை எதுக்குன்னு எனக்கு அப்பவே தெரியும். குழந்தை கையிலே பையைக் குடுத்தது தெரியாது. அதை ஆத்துல பேசிக்கறேன். தீர்மானத்தை நான் வழிமொழியறேன். ஆனா அந்த ரூம் சாவி இனிமே உங்ககிட்ட இருக்கப்படாது, டீச்சர்கிட்ட இருக்கட்டும்."

கேட்டீர்களா? தலைவரே, பதிவு செய்யுங்கள்! முன்மொழிந்தாயிற்று, வழிமொழிந்தாயிற்று, தீர்மானம் உயிர் பெற்றாயிற்று! கைகள் எழுகின்றன, சுபேதாரின் கை எழுகிறது, வாசலோரம் வேதாந்தத்தின் கையும் எழுகிறது. இதோ என் பையிலிருந்து சாவி, சுந்தரவல்லி டீச்சர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பொறுத்துக்கொள்ளப்போகும் என் வீட்டாருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. அதோ, ரோஹிணி அவள் அம்மா மடியில் ஏறி, காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். யாரும் தடுக்காதீர்கள், முழுவதையும் சொல்லி முடிக்கட்டும். வணக்கம்.