பஜ்ஜிக்குப் போன பதினோரு தப்பு

"ஹலோ... ஆமா, செண்பகம்தான் பேசறேன்... யாரு?... ஓ, கேரம் கம்ப்யூட்டர் சாரா. சொல்லுங்க சார்."

மந்தைவெளியில் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் மிஷினும் வைத்திருக்கும் செண்பகத்துக்கு அந்தக் குரலைக் கேட்டதும் வயிறு குளிர்ந்தது. தி.நகரில் கேரம் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் ஸ்ரீகிருஷ்ணா. மூன்று மாதமாக இந்த ஒரு ஃபோனுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். எதிர் நாற்காலியில் ஏதோ தாளைப் படித்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம், ஒரு நிமிஷம் என்று கை காட்டினாள்.

"நல்லா கீறேன் சார்... சேட்டு அண்ணனும் நல்லா கீது... ஹாஜிரா பீயா? அதுக்கு இன்னா, ஜோரா கீது... ஆமா, ஆமா, உங்க விளையாட்டுப் பொட்டியப் பாத்தோம். எங்க மூணு பேரு ஃபோட்டோ போட்டு, கீழ 'மயிலாப்பூர் கேரம் வீரர்களின் ஆலோசனையோடு'ன்னு எழுதிக்கீது. கிளப்பு பேருகூட கீதே... சந்தோசம் இல்லாமயா."

"இன்னா சார்?... நாலு மணிக்கு சிங்கப்பூர்ல இருந்து ஆளு வர்றாரா... ஆமா... ஆமா... மொத்தமா வாங்கிக்கறவரா. நல்லது... ஆடும்போதே நின்னு போய்டுதா? எப்போ?... நான் சொல்லட்டா? ரெட் காயினைப் போட்டுட்டு அடுத்து நம்ம காயினைப் போடணும். போடலைன்னா ரெட்டு திரும்ப நடுவுக்கு வரணும். அங்க ஏற்கெனவே வேற காயின் குந்திக்கினு இருந்தா, உங்க மிஷின் எங்க வைக்கறதுன்னு தெரியாம முழிச்சிக்கினு நின்னுடும்... எனக்கு எப்டித் தெரியுமா? ரெண்டாவது ஞாயித்துக்கிழமையே ஹாஜிரா பீ சொல்லிச்சே சார்."

ஆறு ஞாயிற்றுக்கிழமை. கேரம் கிளப்பில் ஆடும் இந்த மூன்று பேரையும் ஆலோசனைக் குழு என்று பெரிய பேராக வைத்துக் கூப்பிட்டார்கள். இவர்களும் நம்பி, மெனக்கெட்டு ஆடிப் பார்த்துப் பதினோரு தப்பு கண்டுபிடித்தார்கள். ஹாஜிரா பீதான் தன் கையால் எழுதிக் கொடுத்தாள். ஏழாவது வாரம் போனபோது, ஸ்ரீகிருஷ்ணாவின் ஆட்கள் அந்தத் தாளில் பஜ்ஜியை வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எண்ணெய்க்குள் அவளுடைய கையெழுத்து தெரிந்தது. ஹாஜிரா பீ அப்படியே திரும்பிப் போய் பஸ் ஏறிவிட்டாள். அதைத்தான் செண்பகத்தால் பொறுக்க முடியவில்லை.

"அந்தப் பேப்பரா?... ஆபீஸ் பூரா தேடினீங்களா. எப்டி சார் கெடைக்கும், வாழைக்கா பஜ்ஜியோட போச்சே... இல்ல சார், கோவம்லாம் இல்ல. 'ஆடறது உங்க வேலை, யோசிக்கறது எங்க வேலை'ன்னு சொன்னீங்களே, அதுதான்... சொன்னீங்க சார்... நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?... தமாசுக்கா?"

அவள் குரல் சட்டென்று மாறியது.

"யோவ், இன்னாய்யா தமாசு? அந்தம்மா முப்பது வருசமா போர்டுல கை வச்சிக்கினு கீது. நீ ஒரு காயினை ஒழுங்கா சுண்டியிருக்கியா?... எங்கிட்ட ஏன் மன்னிப்பு கேக்கற? அதாண்ட போய்க் கேளு... சரி, சரி... வுடுங்க சார். அழுவாதீங்க."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். மறுபடியும் தேன் ஒழுகப் பேசினாள்.

"பேப்பர் பத்திரமாத்தான் கீது... ஆமா சார், மெய்யாலுமே. ஜெராக்ஸ் கடை வச்சிக்கினு காப்பி எடுக்காமயா குடுப்பேன்? பதினொண்ணும் கீது, ஒரு சொட்டு எண்ணெ படாம... ஆளு அனுப்பறீங்களா? வேணாம் சார். குடுத்துட்டேன்... யாருக்கா?"

வெள்ளைச் சட்டைக்காரர் பதினோராவது தப்பையும் படித்து முடித்து, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"பொட்டியில கிளப்பு பேரு போட்டீங்கல்ல, அதை வச்சி விசாரிச்சிக்கினு நேரா இங்க வந்துட்டாரு. 'நீங்க சொன்னதெல்லாம் அவங்க கேட்டாங்களா?'ன்னுதான் எங்கிட்ட மொதல்ல கேட்டாரு... ஆமா சார், உங்க சிங்கப்பூர்காரருதான்... எதிர்லதான் குந்திக்கினு கீறாரு. பஜ்ஜி வாங்கியாந்தேன் சார் அவருக்கு. தட்டுல வச்சித்தான் குடுத்தேன்... ஹலோ... பேசறீங்களா, குடுக்கட்டா?... சார்?... ஹலோ..."

அந்தப் பக்கம் ஃபோனை வைத்துவிட்டார்கள். வெறும் டோன் மட்டும் கேட்டது. செண்பகம் ரிசீவரைக் காதை விட்டு எடுக்காமல், அதையே கொஞ்ச நேரம் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.