வெறும் நாற்காலியிடம் பேசிய ரோசிலி

தலைமை ஏற்று வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! மேட்டுப்பாதை ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! கப்பைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வுக்குத் தவமிருக்கும் நர்ஸ் மக்களே! பள்ளிக்கூடப் படியையே மிதிக்காத இந்தக் கிழவன் உலகன்னானின் வணக்கம்!

ஆங்கிலம் அறியாதவனுக்கு ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி வகுப்பின் விழாவில் என்ன வேலை? அதோ, கடைசி வரிசையில் கேட்கிறார்கள்! சொல்கிறேன், சொல்கிறேன்!

என் அடுத்த வீட்டு ரோசிலி, பதினாறு ஆண்டுகள் ஆஸ்பத்திரி நர்ஸ். அயர்லாந்தில் வேலை தயார். ஆனால் பேச்சுத் தேர்விலோ இரண்டு முறை தோல்வி! மூன்றாம் முறையும் தவறினால் வேலைக் கடிதம் வெறும் காகிதம்!

அந்தத் தேர்வில் ஒருவர் நோயாளியாக நடிப்பார்; நர்ஸ் அவரிடம் பேச வேண்டும். வீட்டில் பழகுவதற்கு யார் நோயாளி? நான்தான்! நான் நம் மொழியில் புலம்ப, அவள் ஆங்கிலத்தில் அருவியாய்க் கொட்டினாள். யாரிடம்? என்னிடமா? இல்லை! அருகிலிருந்த என் மனைவி ஏலிக்குட்டியிடம்! நம் ஆஸ்பத்திரி வழக்கம் அதுதானே? படுத்திருப்பவனை யார் கேட்கிறார்கள்? கூட நிற்பவரிடமே கேள்வி, கூட நிற்பவரிடமே பதில்!

ஏலிக்குட்டியை அடுக்களைக்கு அனுப்பினோம். அப்போதும் ரோசிலியின் கண் அந்த வெறும் நாற்காலிக்கே போனது!

“ஏடி, நாற்காலிக்கா காய்ச்சல்?” என்றேன்.

“பழக்கம் விட மாட்டேங்குது அப்பச்சா. போன பரீட்சையிலயும் ‘கூட யாரு வந்திருக்கா’ன்னு கேட்டுட்டேன். நோயாளியா நடிச்ச அம்மா திருதிருன்னு முழிச்சாங்க!”

சிரிக்காதீர்கள், இனிமேல்தான் இருக்கிறது!

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நம் மொழியிலேயே கேட்டாள்: “உங்க நோயைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?”

எனக்கு நடிப்பு மறந்து போயிற்று.

“ஒண்ணும் தெரியாது மகளே. ரெண்டு மாசம் முன்னாடி உங்க வார்டுலதானே கிடந்தேன்? வெறும் வாயுன்னு சொன்னா ஏலிக்குட்டி. அன்னையிலிருந்து கருவாட்டைக் காணோம். ரப்பர் வெட்டுற கத்தியைக் காணோம். உன் புருஷன்தான் தூக்கிட்டான்னு நினைச்சேன்.”

அன்று வார்டில் விவரத்தை ஏலிக்குட்டியிடம் மட்டும் சொல்லி அனுப்பியவளே ரோசிலிதான்! கையிலிருந்த கேள்விச் சீட்டைக் கீழே வைத்தாள்.

“வாயு இல்ல அப்பச்சா. உங்க இதயம் பாதி பலத்துலதான் ஓடுது. உப்பு ஆகாது, மலையேறி ரப்பர் வெட்டுறது ஆகாது. மாத்திரையை விடாம போடணும். சொல்லுங்க, உங்களுக்கு என்ன பயம்?”

எழுபத்தாறு வயதில் என்னை ஒருவர் கேட்டார், என்ன பயம் என்று! என் உடம்பு என்னிடம் வந்து சேர்ந்த நாள் அது!

“அடுக்களையில இருக்கிறவளைத் தனியா விட்டுட்டுப் போயிடுவேனோன்னுதான்” என்றேன்.

உள்ளே பாத்திரம் விழுந்தது. “பயந்துடுவீங்கன்னுதான் மறைச்சேன்,” என்று அழுதுகொண்டே வந்தாள் ஏலிக்குட்டி. “கத்தி அரிசிப் பானைக்குள்ள இருக்கு.”

மூன்றாம் தேர்வு முடிந்ததும் ரோசிலி கூப்பிட்டாள்: “நாற்காலியே கண்ணுல படல அப்பச்சா! முகத்தை மட்டும்தான் பார்த்தேன்!” வென்றாளா? வென்றாள்! அடுத்த வாரம் விமானம் ஏறுகிறாள்!

நர்ஸ் மக்களே! ஆங்கிலம் படியுங்கள், அசராமல் படியுங்கள்! ஆனால் அயர்லாந்து ஆளிடம் கேட்கப் போகும் கேள்வியை, நாளைக் காலை நம் வார்டில் கிடப்பவனிடமும் கேளுங்கள்!

பொறுமையாய்க் கேட்ட எல்லாருக்கும் நன்றி. இந்த மேடைப் படியில் மெல்லத்தான் இறங்குவேன். ஏனென்று ஏலிக்குட்டிக்கு மட்டுமல்ல, எனக்கும் தெரியும்! வணக்கம்!