டுட்வாலுக்கென்று சுட்ட ரொட்டி

இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் தேநீர் ஒன்றும் மோசமில்லை, மெரெரிட் கண்ணு. தேயிலைப் பையைக் கொஞ்சம் சீக்கிரம் எடுத்துவிடுகிறீர்கள், அவ்வளவுதான். கரண்டியை விட்டால் அதன் முனை கண்ணுக்குத் தெரியக் கூடாது. நம் பரா பிரித்துக்கு, பழம் போட்ட அந்தப் புள்ளி ரொட்டிக்கு, அப்படிக் கறுத்த தேநீர்தான் வேண்டும்.

உனக்குத் தெரியாததா. உன் அம்மாவும் சுட்டவள்தானே. ஆனாலும் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னாய். ஆரம்பம் இதுதான். உலர்திராட்சையையும் பழுப்புச் சர்க்கரையையும் சூடான தேநீரில் போட்டு, துணியால் மூடி, ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். மறுநாள் மாவும் முட்டையும் சேர்த்து இளஞ்சூட்டில் சுட வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் ஊரில் பாதி. சுட்ட அன்றே கத்தி வைத்தால் உதிர்ந்து கொட்டும். தாளில் சுற்றி மூன்று நாள் டப்பாவில் கிடந்தால்தான் பதத்துக்கு வரும். வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வெட்டி வெண்ணெய் தடவலாம். ஊற ஒரு நாள், இருக்க மூன்று நாள். இந்த நாலு நாளைத்தான் நீங்கள் குற்றம் என்று எழுதப்போகிறீர்கள்.

நம் கும் ஹெஸ்கினில் ஒருவர் போய்விட்டால் அன்று மாலைக்குள் ஊரே அந்த வீட்டில் வந்து உட்காரும். முதலில் வந்த ரொட்டிக்குத்தான் நடு மேஜையில், தேநீர்க் கூஜாவுக்குப் பக்கத்தில் இடம். பின்னால் வருவதெல்லாம் அடுப்படிக்குப் போகும்.

என் எம்ரிஸ் ஆட்டுக் கொட்டகையில் குனிந்தவர் நிமிரவில்லை. அன்று என் வீட்டு நடு மேஜையில் உட்கார்ந்தது எலுனெட்டின் ரொட்டி. அவள் ஃப்ரீசரில் எப்போதும் மூன்று கிடக்கும். யார் செத்தாலும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஓரமெல்லாம் வியர்த்து, நடுவில் பனிக்கட்டி. வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தார்கள். எம்ரிஸுக்காக அழுகிறார்கள் என்று நினைத்தேன். பல் கூசியிருக்கிறது. நாற்பது வருஷம் என்னோடு வாழ்ந்த மனிதருக்கு, அவருக்கென்று சுட்டது ஒரு துண்டு அந்த வீட்டில் இல்லை.

இனி நம் ஊரில் யாரும் அப்படிப் போகக் கூடாது என்று அன்றே தீர்மானித்தேன். ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் சுட வேண்டும். லவ்ரிக்கு ஆரஞ்சுத் தோல் ஆகாது. நம் தபால்காரர், அதுதான் ஐவர், அவருக்குக் கறுப்புத் திராட்சை மட்டும்தான். அவர்கள் சாப்பிடப்போவதில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன. மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

லவ்ரி நாலு நாள் தாங்கினால் அதிகம் என்று நர்ஸ் சொன்ன அன்றே ஊறவைத்தேன். நாலாம் நாள் காலையில் போய்விட்டாள். அவ்வளவு ஒழுங்கான பெண்மணி. போதகர் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு என் கையைப் பிடித்துப் பாராட்டினார். அதற்கு முன்னால் ஊரில் யாரும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை உயர்த்திச் சொன்னதில்லை. லவ்ரி விஷயத்தில் என் பங்கு எதுவும் இல்லை; அதைத் தனியாக எழுதிக்கொள்.

ஐவர் ஞாயிறு தாண்டமாட்டார் என்றார் டாக்டர். டாக்டர் சொன்னால் நம்பக் கூடாதா. புதனன்று ஊறவைத்தேன், வியாழன் சுட்டேன், ஞாயிறன்று ரொட்டி பதமாக இருந்தது. ஐவர் அவித்த முட்டை கேட்டார். திங்களன்று சாய்ந்து உட்கார்ந்தார். செவ்வாயன்று சீட்டியடித்துக்கொண்டிருந்தார். ஊரில் எதுதான் மறையும், அவருக்கும் விஷயம் எட்டியிருந்தது.

"என்ன டில்விஸ், எனக்குன்னு சுட்டு வச்சிருக்கியாமே. பாத்துக்கோ, பூசணம் பூத்துடப் போகுது" என்று சிரித்தார்.

விளையாட்டாகச் சொன்னாலும் நியாயமான பேச்சு. அவர் மகள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளைப் படுக்க அனுப்பினேன். ஐவரின் தலைக்குக் கீழே ஒரு தலையணை இருந்தது. அது வேறு இடத்தில் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி என்று பட்டது. அதிக நேரம் பிடிக்கவில்லை. மாலையில் ரொட்டியை வெட்டினார்கள், ஒரு துணுக்குகூட உதிரவில்லை. அந்த மகள் என் தோளில் சாய்ந்து, அப்பாவுக்குப் பிடித்த கறுப்புத் திராட்சை என்று அழுதாள். அதைக் குற்றம் என்பவர்கள் அந்த அழுகையைக் கேட்கவில்லை.

டுட்வால் விஷயம் கொஞ்சம் வேறு. போன ஞாயிறு சேப்பலில், பாட்டு நடுவில், இரண்டு முறை இருமினார். எழுபத்தோரு வயது, மழைக்காலம். போய் ஊறவைத்தேன். புதனன்று உடம்பை விசாரிக்கப் போனால் மனிதர் விறகு பிளந்துகொண்டிருக்கிறார்.

"இருமலா? அட, வாயில புதினா மிட்டாய் இருந்துச்சு டில்விஸ். மேல் சுருதிக்குப் போனேன், அது கீழ போயிடுச்சு" என்றார்.

சேப்பலில் எல்லோரும்தான் மிட்டாய் போட்டுக்கொள்கிறோம். நான் யோசித்திருக்க வேண்டும். அந்த அவசரம் என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரொட்டி திங்களன்றே சுட்டாகிவிட்டது. வியாழன் காலை, மழையில், சேப்பலுக்குப் பின்னால் இருக்கும் கல் படிகளில் இறங்க எனக்குக் கை கொடுத்தார். பண்பான மனிதர். மேல் படியில் நான் கையை எடுத்துக்கொண்டேன். எடுக்கும்போது கொஞ்சம் அழுத்தியிருப்பேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். அன்று மாலை அவர் வீட்டில் ரொட்டியை வெட்டியது நீதான். முதல் துண்டு காகிதம் மாதிரி வந்தது. இரண்டாவதும். நீ கத்தியைக் கீழே வைத்தாய். உன் அம்மா உன்னை நன்றாக வளர்த்திருக்கிறாள்.

"டில்விஸ் அத்தை, டுட்வால் மாமா இன்னிக்குக் காலையிலதானே விழுந்தாரு?"

"ஆமா கண்ணு."

"அப்ப இது எப்ப சுட்டது?"

முப்பது பேர் கோப்பையோடு என் பக்கம் திரும்பினார்கள். வியர்த்துக்கொண்டிருந்த தன் ரொட்டியோடு அடுப்படி வாசலில் நின்ற எலுனெட்தான் வாயைத் திறந்தாள்.

"இதென்னடி கேள்வி. அவளும் என்ன மாதிரி எப்பவும் ஒண்ணு சுட்டுப் போட்டிருப்பா. செத்தது யாரா இருந்தா என்ன, ரொட்டி ரொட்டிதானே."

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். இந்நேரம் என் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள், பாவம். ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரு செத்தாலும் ஆகும்னு நான் சுடுறதில்ல. இது டுட்வாலுக்குன்னு திங்கக்கிழமை சுட்டது" என்றேன்.

அவ்வளவுதான் கண்ணு. கோட்டு எடுத்துவர என் வீட்டுக்குள் போக ஐந்து நிமிஷம் கொடுத்தாய், நல்ல பிள்ளை. அடுப்படியில் துணி போட்டு மூடிய கிண்ணம் யாருக்கு என்று இப்போது கேட்கிறாய். தண்ணீர் கொதிக்க மூன்று நிமிஷம் போதும், கொடுத்த நேரத்தை வீணாக்குவானேன் என்று தேநீர் போட்டுத் திராட்சை மேல் ஊற்றினேன். எலுனெட்டுக்குத்தான். அவள் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. சர்க்கரை வியாதிக்காரி என்று சர்க்கரையைக்கூடப் பாதிதான் போட்டேன். ஒருவர் உடம்புக்கு ஆகாததைச் செய்ய எனக்கு இன்றுவரை கை வந்ததில்லை.